நாலடி மேசைக்குப் பதினாறு ஜிபி

அக்காவுக்கு ஃபோனில் நலம் விசாரிக்கிற பழக்கம் கிடையாது.

"குழாய்ல காத்து வருதுடா."

"காத்தா?"

"காத்துதான். திறந்தா உஸ்ஸுங்குது. பாம்பு கீம்பு புகுந்துடுச்சோன்னு பயந்து பாத்தேன். அப்புறம்தான் தோணிச்சு, பாம்புக்கும் தாகம் எடுக்குமே, அது எதுக்கு என் வீட்டுக் குழாயைத் தேடி வரப் போகுதுன்னு."

"எத்தனை நாளா அக்கா?"

"நாளா? ஏழு மாசம் முடிஞ்சு போச்சு. நீ எந்த ஊர்லடா வேலை பாக்குற?"

தம்பி வேலை பார்த்தது அதே ஊரில், குடிநீர்த் துறையில். அதிலும் மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எந்தத் தெருவழியாகப் போகிறது என்று வரைந்து வைக்கிற பிரிவில். பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். துறையில் எல்லோருக்கும் அவர் வரைபடக்காரர். அக்காவுக்கு மட்டும் டேய்.

அக்கா குடியிருந்தது மூன்றாவது மாடி. அத்தான் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. அவரைக் காலையும் மாலையும் துடைத்து, துணி மாற்றி, அந்தத் துணியை அலசிக் காயப்போட வேண்டும். நாளுக்குப் பத்துக் குடம். அடுத்த தெருக் குழாயிலிருந்து அறுபத்திரண்டு படி. அக்காவுக்கும் அறுபத்திரண்டு வயது. "வயசுக்கு ஒரு படி வெச்சுக் கட்டியிருக்கான் பாரு, மகராசன்" என்று வீடு கட்டியவரை வாழ்த்தாத நாளில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஏழு மாதத்துக்கு முன்னால் அக்கா தெருவில் குழாய் கசிந்தது. அடைப்பதற்காக வால்வை மூடினார்கள். கசிவை அடைத்தார்கள். வால்வை மூடியவர் மறுவாரமே ஓய்வு பெற்று, ஃபோன் நம்பர்கூடத் தராமல் மகன் வீட்டோடு போய்விட்டார். வால்வு எங்கே இருக்கிறது என்பதும் அவரோடு போய்விட்டது. அதனால் என்ன, வரைபடத்தில் இருக்குமே என்றார்கள். வரைபடத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் வரைபடக்காரரின் மடிக்கணினியில் முழு நகரமும் ஒரே தடவையில் திறக்காது. திறந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகையால் அவர் நகரத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாக வெட்டி, இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாகத் திறந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலும் ஒரு பாதி பெருத்து, அதுவும் சுற்ற ஆரம்பித்துவிடும். கோடு போன இடம் அக்கா தெரு.

"சார், உங்க இடது படம் வலது பக்கம் போன்னுது. வலது படம் இடது பக்கம் போன்னுது. நாங்க என்ன ஊஞ்சலா சார்?" என்றார் குழி வெட்டும் மேஸ்திரி.

"ரெண்டு பக்கமும் வெட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. இடது பக்கம் ஒரு குழி, வலது பக்கம் ஒரு குழி. உங்க அக்கா மாடியிலிருந்து பாத்துட்டு, 'எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணா?'ன்னு கேக்குறாங்க. எனக்குச் சாப்பாடு இறங்கல சார்."

இந்தச் சமயத்தில்தான் துறைக்கு உயர்ரக மடிக்கணினிகள் வாங்கப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. வரைபடக்காரர் அதை மூன்று முறை படித்தார். கூடவே ஒரு படிவம். அதில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பணியாளரே பதில் எழுதலாம்: மெமரி எவ்வளவு வேண்டும்? எதிரே ஐந்து கட்டங்கள். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு, நூற்று இருபத்தெட்டு.

இருக்கிற பழைய மடிக்கணினியில் பதினாறு. முப்பத்திரண்டு வாங்கினால் மூச்சு வாங்கும். அறுபத்து நாலு என்றால் முழு நகரமும் கால் நீட்டிப் படுக்கும். நூற்று இருபத்தெட்டு பேராசை. யோசித்து, அறுபத்து நாலைத் தொட்டு ஒரு குறி போட்டார். காரணம் என்ற இடத்தில், "நகரத்தை முழுதாகப் பார்க்க" என்று எழுதினார்.

மூன்றாம் நாள் கொள்முதல் அதிகாரியம்மா கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் கணினிப் பிரிவுத் தலைவர். எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்து சொல்பவர் என்பதால் அவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர்.

"அறுபத்து நாலா? ஏன் சார், ஊரையே விழுங்கப் போறீங்களா?"

"ஆமாம்மா. ஊரையேதான். ஒரே வாயா."

"பாதி பாதியா பாத்தா ஆகாதா?"

"அப்படித்தான் ஏழு வருஷமா பாக்குறேன். நடுவுல இருக்கிறது தெரிய மாட்டேங்குது."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார் ரீஸ்டார்ட்.

"தினம் பதினோரு தடவ அதுவே ஆகுது சார்."

அதிகாரியம்மா படிவத்தைத் திருப்பினார். "இங்க பாருங்க. இந்த மிஷின்ல ஒரு டெரா இருக்குன்னு போட்டிருக்கு. ஒரு டெரான்னா ஆயிரம். ஆயிரத்தைக் கையில வெச்சுக்கிட்டு அறுபத்து நாலுக்கு அழறீங்களே, நியாயமா?"

"அது வேற, இது வேற அம்மா."

"ரெண்டுக்கும் ஜிபின்னுதானே போட்டிருக்கு?"

வரைபடக்காரர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, வாழ்க்கையில் அவர் செய்த பிழைகளிலேயே பெரியதைச் செய்தார். எளிமையாகப் புரியவைத்தார்.

"அந்த ஆயிரம் அலமாரி மாதிரிம்மா. படத்தைச் சுருட்டி உள்ள வெக்கிறதுக்கு. இந்த அறுபத்து நாலு மேசை மாதிரி. எடுத்து விரிச்சு வேலை பாக்குறதுக்கு. அலமாரி எவ்வளவு பெருசா இருந்தாலும், மேசை சின்னதா இருந்தா பாதிப் படம்தானே விரிக்க முடியும்?"

அதிகாரியம்மாவின் முகம் மலர்ந்தது. ரீஸ்டார்ட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேசையா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எங்களுக்கும் தலைவேதனை மிச்சம். மேசைக்குத்தான் நம்மகிட்ட விதி இருக்கே!"

கோப்பு அன்றே தளவாடப் பிரிவுக்குப் போனது. தளவாடப் பிரிவு அதை மிக நன்றாகப் புரிந்துகொண்டது. பணியாளருக்கு நாலடி மேசை, பிரிவுத் தலைவருக்கு ஐந்தடி, அதிகாரிக்கு ஆறடி, இயக்குநருக்கு எட்டடி. இனி மேசையின் அளவுக்கேற்ப மெமரி. அந்த எட்டடி மேசைமேல் ஒரு அழைப்பு மணியும் ஒரு பூச்சாடியும் இருந்தன. பூ பிளாஸ்டிக்.

"அப்ப எனக்கு?" என்றார் வரைபடக்காரர்.

"நாலடி. பதினாறு."

"இப்பவும் பதினாறுதான் இருக்கு."

"பாத்தீங்களா, விதி எவ்வளவு சரியா வருதுன்னு."

"அறுபத்து நாலு எப்ப கிடைக்கும்?"

அவர்கள் பதவி உயர்வுப் பட்டியலைப் புரட்டி, விரல்விட்டு எண்ணி, அவர் ஓய்வு பெறுகிற நாளன்று மதியத்துக்கு மேல் கிடைக்கும் என்றார்கள். வாழ்த்துகளும் சொன்னார்கள்.

அவர் மேல்முறையீடு எழுதினார். அதை விசாரிக்க நினைவக ஒதுக்கீட்டுக் குழு என்று ஒன்று அமைந்தது. குழுவில் இயக்குநர், அதிகாரியம்மா, ரீஸ்டார்ட் மூவரும். குழு கூடுவதற்குள் இரண்டு மாதம் ஆனது. காரணம், குழு உட்காரப் பொருத்தமான மேசை கிடைக்கவில்லை.

"என்னடா சொல்றாங்க உன் ஆளுங்க?" என்றாள் அக்கா.

"மேசை தேடுறாங்க அக்கா."

"தண்ணி கேட்டா மேசை தேடுறாங்களா? ரொம்ப நல்லது. கிடைச்சதும் சொல்லு. உன் அத்தானுக்கு முதுகு புண்ணாகத் தொடங்கிடுச்சு. ஈரத்துணியில துடைச்சு எத்தனை நாள் ஓட்டுறது? முழுசாக் குளிப்பாட்டணும்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருக்கா. குளிப்பாட்டணும்னா இன்னும் ஆறு குடம். என் முட்டி என்ன சொல்லுது தெரியுமா?"

"என்ன சொல்லுது?"

"உன் தம்பி அந்த ஆபீஸ்ல என்னதான் பண்றான்னு கேக்குது."

குழு கூடியது. வரைபடக்காரர் நின்றுகொண்டு பேசினார்.

"ஐயா, ஒரே ஒரு விஷயம். இந்த மடிக்கணினியில மெமரியைப் பலகையோட சேத்துப் பத்தவெச்சே அனுப்புறாங்க. பின்னால கூட்ட முடியாது. இன்னைக்கு எடுக்கிற முடிவுதான் ஆறு வருஷத்துக்கு."

"நல்லதாப் போச்சு" என்றார் இயக்குநர். "கேட்டவங்க திரும்ப வந்து கேக்க முடியாது. யாருய்யா இதைக் கண்டுபிடிச்சது? நிர்வாகம் தெரிஞ்சவன்."

"சின்னதா வாங்கிட்டா வேலை நின்னுடும் ஐயா."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உரை என்று அர்த்தம்.

"நான் இந்தத் துறைக்கு வந்து முப்பத்தோரு வருஷம். இதுவரைக்கும் ஒரு படத்தை விரிச்சுப் பாத்ததில்ல. குழாய் உடையலையா? உடைஞ்சுது. தண்ணி வரலையா? என்னைக்காவது ஒருநாள் வந்துது. உங்க மாதிரி ஆளுங்க முழுசாப் பாக்கணும், முழுசாப் பாக்கணும்னு துடிக்கிறீங்க. முழுசாப் பாத்தவன் எவனாவது இங்க மேல வந்திருக்கானா? நான் எதையும் பாக்கல. எட்டடி மேசை கொடுத்தாங்க. நிர்வாகம்னா கையெழுத்து. கையெழுத்துக்கு அகலமா இடம் வேணும். அதுக்குத்தான் நூற்று இருபத்தெட்டு."

அதிகாரியம்மா குறிப்பு எழுதினார். ரீஸ்டார்ட் தலையாட்டினார்.

"இருந்தாலும் நாம நியாயமா நடக்கணும்" என்று இயக்குநர் தொடர்ந்தார். "இவர் வாய்வார்த்தையா அறுபத்து நாலுங்குறார். நேர்ல பாத்துடுவோம். இவர் மிஷின்ல ஊரை முழுசாத் திறக்கட்டும். எவ்வளவு பிடிக்குதோ அவ்வளவு கொடுத்துடலாம்."

"ஐயா, இதுல திறக்காதுன்னுதானே அதைக் கேக்குறேன்."

"திறந்து காட்டாம எவ்வளவு வேணும்னு எப்படித் தெரியும்?"

குழு அவருடைய நாலடி மேசையைச் சுற்றி நின்றது. அவர் முழு நகரத்தையும் திறந்தார். வட்டம் சுற்றியது. இயக்குநர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தேநீர் வந்தது, குடித்தார்கள். வட்டம் சுற்றியது. அதிகாரியம்மா தன் மகள் கல்யாணத்துக்குப் பார்த்த இடம் பற்றி ரீஸ்டார்ட்டிடம் சொல்லி, அது அமையாமல் போன கதையையும் சொல்லி முடித்தார். வட்டம் சுற்றியது. நாற்பது நிமிடத்தில் திரை கறுத்தது.

"ரீஸ்டார்ட்" என்றார் ரீஸ்டார்ட்.

குழுவின் அறிக்கை பத்து நாளில் வந்தது. அதன் முக்கியமான வாக்கியம் இது: "சோதனை நடைபெற்ற நாற்பது நிமிடங்களில், மேற்படி கணினி பதினாறு ஜிபிக்கு மேல் ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. எனவே பதினாறு போதுமானது."

அவர் அதை அக்காவிடம் படித்துக் காட்டினார்.

"ஏண்டா, ஒரு குடத்துல ரெண்டு குடம் தண்ணியை ஊத்திப் பாத்துட்டு, ஒரு குடம்தான் பிடிச்சுது, அதனால உனக்குத் தாகம் ஒரு குடம்தான்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு?"

"அதேதான் அக்கா."

"நீ அதைச் சொல்லலையா?"

"வேணாம் அக்கா. ஒரு தடவை மேசைன்னு சொல்லிட்டே இந்தப் பாடு. குடம்னு சொன்னா பாத்திரப் பிரிவுக்கு அனுப்பிடுவாங்க."

புதிய மடிக்கணினிகள் வந்து இறங்கின. ஓடு மாதிரி மெல்லிசு, தொட்டால் குளிர்ச்சி. வரைபடக்காரருடையதில் அதே பதினாறு. அதே கோடு. அதே தெரு. அக்கா ஃபோன் பண்ணிய நாளிலிருந்து கணக்கு வைத்தால் நான்கு மாதம் போயிருந்தது. இரண்டு குழியிலும் மழைத்தண்ணீர் தேங்கி, அந்தத் தெருவில் தண்ணீர் என்று பார்த்தால் அது ஒன்றுதான் இருந்தது.

இயக்குநர் அறையில் நூற்று இருபத்தெட்டு ஜிபி, எட்டடி மேசையின் நடுவில், தூசு படாமல் துணிப்போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. தினம் காலை உதவியாளர் போர்வையை எடுப்பார். மாலையில் போர்த்துவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ரீஸ்டார்ட் விடுப்பு. இயக்குநர் அறையிலிருந்து மணி அடித்தது.

"உங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் தெரியுமில்ல?" என்றார் இயக்குநர். "எழுத்து பொடிப்பொடியாத் தெரியுது. பெருசாக்கிக் கொடுங்க. நான் சாப்பிட்டுட்டு வந்துடுறேன். யாரும் தொடாமப் பாத்துக்கங்க."

எழுத்தைப் பெரிதாக்க அரை நிமிடம் ஆனது. இயக்குநர் சாப்பிட ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது துறைக்கே தெரியும்.

வரைபடக்காரர் எழுந்து கதவுவரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு துறையின் பொதுக் கோப்பிலிருந்து முழு நகரத்தையும் திறந்தார்.

வட்டம் வரவேயில்லை. தும்மி முடிப்பதற்குள் நகரம் வந்துவிட்டது. நடுவில் கோடு கிடையாது. நீலக் குழாய்கள் ஆற்றிலிருந்து கிளம்பி, தொட்டிக்கு ஏறி, தெருத் தெருவாகப் பிரிந்து, பெண்பிள்ளைகள் விரல் கோத்துக்கொண்டு நிற்பதுபோல ஒன்றையொன்று பிடித்திருந்தன. ஏழு வருடம் அவரே வரைந்தது. ஒன்றாகப் பார்ப்பது இதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அக்கா தெருவைத் தேடிப் போனார்.

வால்வு இருந்தது. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை. சரியாகக் கோடு போன இடத்தில், இரண்டு குழிகளுக்கும் நடுவில்.

மேஸ்திரிக்கு ஃபோன் போட்டார்.

"மேஸ்திரி, ரெண்டு குழிக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"நடுவுலயா? மண்ணு சார். குழி வெட்டின மண்ணை எங்க கொட்டுறது? இந்தக் குழி மண்ணையும் அந்தக் குழி மண்ணையும் நடுவுல குவிச்சிருக்கோம். ஆள் உயரத்துக்கு நிக்குது."

"அதுக்கடியிலதான் வால்வு."

மேஸ்திரி தன் ஆட்களைப் பார்த்தோ தன்னைப் பார்த்தோ ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத முடியாது.

இயக்குநர் ஏப்பம் விட்டபடி வந்தார். எழுத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். மடிக்கணினியின்மேல் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார்.

"என்னய்யா, சூடா இருக்கே? என்ன பண்ணினீங்க?"

"எழுத்தைப் பெருசாக்கினேன் ஐயா."

"எழுத்துக்கே இவ்வளவு சூடா!" அவர் மறுபடி தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. "வேலை செய்யுதுய்யா!"

அன்று மாலை அக்காவின் ஃபோன். பேச்சே இல்லை. வெறும் சத்தம். முதலில் உஸ் என்றது, பிறகு கொர்ரென்று இருமியது, பிறகு வாளியில் விழுந்தது. அக்கா ஃபோனைக் குழாய்க்கிட்டேயே பிடித்திருந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது அக்கா."

"முதல்ல செம்மண்ணா வந்துது. இப்ப தெளிஞ்சிடுச்சு. உன் அத்தானுக்கு ரெண்டு வாளி ஊத்திக் குளிப்பாட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு, 'மழையா?'ன்னு கேட்டார்டா."

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உன் ஆபீஸ்லயும் மனுஷங்க இருக்காங்கதான் போல. அந்தப் பெரியவருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லு."

"எந்தப் பெரியவருக்கு?"

"யாரோ பெரிய மிஷின் வெச்சிருக்காருன்னு சொன்னியே, அவருக்கு."

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வருட முடிவில் பயன்பாட்டுத் தணிக்கை என்று ஒன்று உண்டு. எந்த மடிக்கணினி அதிகபட்சம் எவ்வளவு மெமரியைப் பயன்படுத்தியது என்று இயந்திரமே எழுதி வைத்திருக்கும். குழு மறுபடி கூடியது. இந்த முறை மேசை இருந்தது.

அதிகாரியம்மா வாசித்தார். "இயக்குநர் அவர்களின் கணினி. அதிகபட்சப் பயன்பாடு நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமை, மதியம்."

"வெள்ளிக்கிழமையா?" இயக்குநர் மேலே பார்த்து யோசித்தார். "ஆமாம். அன்னைக்கு எனக்கு ரொம்ப வேலை."

"வரைபடப் பிரிவுக் கணினி. அதிகபட்சப் பயன்பாடு பதினொன்று."

"பதினொண்ணா? அறுபத்து நாலு கேட்டாரே!"

"ஐயா, பதினாறுக்குள்ள அடங்கட்டும்னு ஊரை ரெண்டா வெட்டி, அதுலயும் தெருப் பேரையெல்லாம் மறைச்சு வெச்சுத் திறக்குறேன். அதனாலதான் பதினொண்ணு."

"சிக்கனமா வேலை செய்றார்" என்றார் ரீஸ்டார்ட். நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதாகவே நினைத்துச் சொன்னார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் வேணும். மத்தவங்க இவரைப் பாத்துக் கத்துக்கணும். இருக்கிறதுலயே மிச்சம் பிடிக்கிறார். திறமைசாலிக்குப் பெரிய மிஷின் எதுக்கு? திறமை இல்லாதவங்களுக்குத்தான் பெரிய மிஷின் வேணும்."

அதையும் அதிகாரியம்மா அப்படியே எழுதிக்கொண்டார்.

உத்தரவு மறுநாளே வந்தது. இதற்கு மட்டும் தாமதம் இல்லை. இயக்குநரின் கடும் பணிச்சுமை கருதி, அவருக்கு அடுத்த மாதம் இருநூற்று ஐம்பத்தாறு. வரைபடப் பிரிவின் பதினாறு திரும்பப் பெறப்பட்டு, எட்டு வழங்கப்படும். "பதினொன்றுக்கும் எட்டுக்கும் உள்ள மூன்று ஜிபி வித்தியாசத்தைப் பணியாளர் தமது திறமையால் ஈடுகட்டுவார்." கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழ். சட்டம் போட்டு, நாலடி மேசையில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக.

எட்டு வந்தது. வரைபடக்காரர் அதில் இடது பாதியைத் திறந்து பார்த்தார். வட்டம் சுற்றியது. நெடுநேரம் யோசிக்கவில்லை. யோசிக்கிற தெம்பும் இல்லை. நகரத்தை எட்டாக வெட்டினார். எட்டுத் துண்டுக்கு ஏழு கோடு.

அக்காவே ஃபோன் பண்ணினாள்.

"என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். சான்றிதழையும் சொன்னார்.

"ஏழு கோடா?"

"ஏழு."

"என் தெருவுல விழுதா?"

"பாத்துட்டேன் அக்கா. உன் தெருவுல விழல."

"அப்ப எங்க விழுது?"

"வேற ஏழு தெரு."

அக்கா பக்கத்தில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள். சத்தம் நின்றது.

"அந்தத் தெருவுலயும் மாடியில ஒருத்தி இருப்பாளேடா."

"இருப்பா."

"அவளுக்கு?"

"அவளுக்கு நம்ம ஆபீஸ்ல தம்பி இல்ல அக்கா."

உள்ளேயிருந்து அத்தான் ஏதோ கேட்டார். "ஒண்ணுமில்ல, தம்பிதான்" என்று பதில் சொல்லிவிட்டு அக்கா மறுபடி வந்தாள்.

"சரி, எந்த எந்தத் தெருன்னு எழுதிக் குடு. இப்பவே போய், அடுத்த தடவ வால்வை மூட ஆள் வந்தா எங்க மூடுறாங்கன்னு அந்தந்த வீட்டுக்காரங்க கண்ணால பாத்து வெச்சுக்கட்டும்னு சொல்லிட்டு வரேன்."

"உன் முட்டியை வெச்சுக்கிட்டா? ஏழு தெருவா?"

"படி ஏறுறதுதாண்டா கஷ்டம். தெருவுல நடக்கிறது என்ன?" என்றாள் அக்கா. "முட்டி இன்னைக்கு ஒண்ணும் கேக்கல. நீ பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன். மெதுவாச் சொல்லு. என் மேசை சின்னது."